சுருக்குப் பைத் தையல்

இப்போதெல்லாம் ஒரு சர்ஜன் வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் புதிதாகப் படித்தேன் என்று சான்றிதழ் காட்ட வேண்டும். ஹாலில் கையெழுத்துப் போட்டு, பிரியாணி சாப்பிட்டு, ஏசியில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தாலும் கணக்கில் ஏறிவிடுகிறது. பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தூங்குவதற்கு வீட்டில் கட்டில் இல்லையா?

எண்பதுகளில் திருச்சியில் எங்களை இப்படி யாரும் கேட்டதில்லை. அதனால் நாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். ஊரில் கத்தி பிடிக்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடுவோம். ஒவ்வொருவரும் வருஷத்தில் ஒரு புது ஆபரேஷனாவது கற்றுச் செய்திருக்க வேண்டும். செய்யும்போது குழுவில் இன்னொருவர் எதிரே நின்று பார்க்க வேண்டும். கார்த்திகைக் கடைசியில் நடக்கும் கூட்டத்தில் நடந்தது நடந்தபடி எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஒன்றும் செய்யாதவர் அடுத்த வருஷம் முழுக்கக் கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் தண்டனை. ஆனால் ஊரே தெரிந்த சர்ஜன் இரண்டு கையிலும் மடக்கு நாற்காலியோடு நிற்பதைப் பார்த்தால் நர்சுகள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். குழுவில் நான் ஒருத்திதான் பெண். முதல் கூட்டத்திலேயே யாரோ என்னைப் பார்த்து, "நாற்காலிக்கு ஆள் வந்தாச்சு" என்றார். அன்றைக்கு முடிவு செய்தேன், செத்தாலும் நாற்காலி தூக்க மாட்டேன் என்று.

அந்த வருஷம் மாசியில் மெட்ராஸிலிருந்து ஒரு சர்ஜன் எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த ஒரு கருவியை மேஜைமேல் வைத்தார். துப்பாக்கி மாதிரி நீளமாக, எஃகில் பளபளவென்று இருந்தது. வெட்டிய குடலின் இரண்டு முனைகளையும் இதன் தலையில் மாட்டி, பிடியை ஒரே அழுத்து அழுத்தினால் வட்டமாகக் கம்பித் தையல் விழுந்து குடல் ஒட்டிக்கொள்ளும். கை நுழையாத அடி இடுப்பிலும் இது நுழையும். நடுவில் தேவையில்லாத சதையை அதுவே வளையமாக அறுத்துக் கொடுத்துவிடும். "ரெண்டு முனைக்கும் ரெண்டு டோனட் வரும். ரெண்டும் முழுசா இருந்தாத்தான் தையல் சரி" என்றார். டோனட்டை அந்த ஹாலில் ஒருவரும் கண்டதில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "உளுந்து வடைன்னு சொல்லுங்க சார்" என்றது. அன்றிலிருந்து திருச்சியில் அதற்கு வடை என்றே பெயர்.

எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆகா, எத்தனை பேரைப் பையோடு அனுப்பியிருக்கிறோம்! ஆசனவாய்க்குப் பக்கத்தில் புற்றுக்கட்டி வந்தால், அடியோடு எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு துளை போட்டு, மலம் போக ஒரு பையைக் கட்டிவிடுவோம், ஆயுளுக்கும். உயிர் பிழைத்துவிடும். அதற்குப் பிறகு அவர்கள் கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள், பஸ் ஏற மாட்டார்கள்.

சித்திரையில் அவர் வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், கோயில் மடைப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை, அதாவது சமையல், செய்கிறவர். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் திருமண், தோளில் ஈரம் காயாத துண்டு. சோதித்துப் பார்த்தேன். கட்டி சிறியதுதான், ஆனால் இருந்த இடம் மோசம்.

புற்று என்று சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார். பை என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"டாக்டர், அடியேனுக்கு வேற தொழில் தெரியாது. தொழில்னு சொல்றதே தப்பு, அது கைங்கர்யம். வயித்துல அதைக் கட்டிண்டு மடைப்பள்ளிக்குள்ள எப்படிப் போவேன்? போகவும் விடமாட்டா, எனக்கே மனசு வராது. உயிர் இருந்து என்ன பண்றது, சொல்லுங்கோ."

கோபம்தான் வந்தது எனக்கு. மூன்று பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் என்ன பேச்சுப் பேசுகிறார்! "உட்காருங்க சுவாமி. உயிர் வேணுமா வேண்டாமாங்கிறதை அப்புறம் பேசலாம். பை இல்லாமப் பண்ண ஒரு வழி இருக்கு. நான் கத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

மெட்ராஸ்காரருக்கு டிரங்க் கால் போட்டேன். நல்ல மனுஷர். கருவியைக் கொடுத்தனுப்புகிறேன் என்றார், ஆனால் ஒரே ஒரு தடவை சுடுவதற்கான கம்பிகள்தான் மிச்சம் இருந்தன. அதாவது பழகிப் பார்க்க ஒன்றுகூடக் கிடையாது. "சுடறது பெரிய விஷயம் இல்லம்மா. அதுக்கு முன்னால குடல் முனையைச் சுத்தி ஒரு சுருக்குத் தையல் போடணும். அது ஒரே சீரா இருந்தா வடை முழுசா வரும். அதைப் பழகிக்குங்க" என்றார்.

சுருக்குப் பையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். வாயைச் சுற்றிக் கயிறு ஓடும், இழுத்தால் மூடிக்கொள்ளும். அதேதான், குடலின் வாயில். பழகுவதற்கு எனக்கு இரண்டு பொருள் வேண்டியிருந்தது: கருவியின் தலை மாதிரி ஒன்று, பிறகு குடல்.

தலைக்கு அரியமங்கலம் போனேன். ஒரு லேத் பட்டறையில் படம் வரைந்து காட்டினேன். பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த வண்டிக்குங்க?" என்றார். மனுஷ வண்டிக்கு என்றேன். மறுநாள் அலுமினியத்தில் அச்சு அசலாகக் கடைந்து கொடுத்துவிட்டார்.

குடலுக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் தலையில் முக்காடு எடுக்காமலே கறிக்கடை வரிசையில் நின்றேன். "குடல் மட்டும் குடுங்க, கழுவ வேண்டாம், நறுக்கவும் வேண்டாம்" என்றால் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார். வாராவாரம் இதே கதை. பக்கத்து வீட்டம்மா, "என்ன டாக்டர், உங்க வீட்டுல எந்நேரமும் குடல் குழம்புதானா?" என்று கேட்டார். என் கணவர் அதற்குள் சமையலறைப் பக்கம் வருவதையே விட்டிருந்தார். நானோ மேடையில் குடலை விரித்து, அலுமினியத் தலையை உள்ளே விட்டு, தைத்து, இழுத்து, பிரித்து, மறுபடி தைத்து... முதல் வாரம் கந்தலாகக் கிழிந்தது. போகப் போகக் கை படிந்தது. ஒருநாள் இழுத்தேன், பூ மொட்டுக் கூம்புவது போலச் சுற்றிலும் சமமாக மூடியது. "வந்துடுச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் என் கணவர் தீப்பிடித்துவிட்டது என்று ஓடி வந்தார்.

எதிரே நின்று பார்க்க எடமலைப்பட்டி புதூர்க்காரரைக் கேட்டேன். குழுவில் மூத்தவர். புதுக் கருவி என்றாலே முகம் சுளிப்பவர், ஆனால் கையில் கத்தி எடுத்தால் பதறாத மனுஷர். "துப்பாக்கி எல்லாம் போலீஸ்காரன் வேலைம்மா. ஏதாவது கோளாறு ஆச்சுன்னா நான் பையைப் போடச் சொல்லுவேன், நீ கேக்கணும். சம்மதமா?" என்றார். சம்மதம் என்றேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மடைப்பள்ளிக்காரர் என்னை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டார். "இதுக்கு முன்னாடி யாருக்காவது பண்ணியிருக்கேளா?"

"இல்லை சுவாமி. நீங்கதான் முதல்."

"அப்போ எதுல பழகினேள்?"

ஐயோ, இதைக் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆட்டுக் குடல்ல" என்றேன்.

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ரங்கா! ரங்கா!" என்றார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பதறிப் போனேன். மனுஷர் சிரித்துக்கொண்டிருந்தார். "ஆத்துல இதைச் சொல்லிடாதேங்கோ. நாளைக்குப் பண்ணுங்கோ" என்றார்.

ஆனி மாதத்துக் காலை, ஏழரை மணிக்கு ஆரம்பித்தோம். கட்டியை எடுப்பது எனக்குப் பழகிய வேலை. அது முடிந்ததும் மேல் முனையில் சுருக்குத் தையல், கீழ் முனையில் சுருக்குத் தையல். கீழே அடி இடுப்பின் பொந்துக்குள் ஊசி திரும்ப இடமே இல்லை. புதூர்க்காரர் மூச்சுவிடாமல் விளக்கைத் திருப்பிப் பிடித்தார். கருவியை உள்ளே விட்டு, திருகிச் சேர்த்து, பிடியை அழுத்தினேன். நறுக்கென்று ஒரு சத்தம். கைக்குள் அது அதிர்ந்ததை இன்றைக்கும் உணர முடிகிறது. வெளியே எடுத்துத் தலையைத் திறந்தோம்.

மேல் வளையம் முழுசு. அழகென்றால் அழகு. கீழ் வளையம் ஒரு பக்கம் பிய்ந்திருந்தது.

நான் அந்தப் பிய்ந்த வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். காதை மூடிக்கொண்டு சிரித்த முகம் கண்ணில் வந்தது. கண்ணீர் முட்டியது, துடைக்கக் கை இல்லை.

"முதல்ல டியூப் பார்ப்போம்" என்றார் புதூர்க்காரர். சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்ப்பாரே, அதே வித்தைதான். இடுப்புப் பள்ளத்தில் உப்பு நீரை ஊற்றி, கீழிருந்து காற்றை ஊதச் சொன்னோம். குமிழி வந்தது, ஒரே இடத்தில், வலது பக்கம், பொடிப் பொடியாக.

அவர் என்னைப் பார்த்தார். "பை போட்டுடலாம்மா. சொன்னியே, கேப்பேன்னு."

"ஒரு இடம்தான் சார். தைச்சுக் காட்டறேன். மறுபடி குமிழி வந்தா நீங்க சொல்றபடி."

"அந்தப் பொந்துலயா?"

"ஆட்டுக்குடல்ல இதைவிடப் பொந்துல எல்லாம் தைச்சிருக்கேன் சார்!"

கோபத்தில் சொன்னேனா, பயத்தில் சொன்னேனா, தெரியாது. அவர் விளக்கை இன்னும் தாழ்த்தினார். மூன்று தையல் போட்டேன். மறுபடி நீர், மறுபடி காற்று. நீர் அசையாமல் கிடந்தது. இன்னும் ஊது என்றேன். அசையவில்லை. முகமூடிக்குள் புதூர்க்காரர், "அடி சக்கை!" என்றார்.

ஆனாலும் பிய்ந்தது பிய்ந்ததுதான். ஒட்டின இடம் ஆறும்வரை அந்த வழியாக ஒன்றும் போகாமல் இருக்க, மேலே தற்காலிகமாக ஒரு துளையும் பையும் வைத்தே ஆக வேண்டும் என்றார் அவர். அவர் சொன்னது சரி. கேட்டேன்.

மயக்கம் தெளிந்ததும் மடைப்பள்ளிக்காரர் முதலில் செய்தது வயிற்றைத் தடவிப் பார்த்ததுதான். பை கையில் பட்டது. என்னைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "மூணு மாசம்தான் சுவாமி, மூடிடுவேன்" என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அந்த மூன்று மாதமும் வீட்டு வாசல் தாண்டாமல் இருந்தார். காவிரிக்கரை அம்மாமண்டபத்துக்குக்கூடக் குளிக்கப் போகவில்லை. மாற்றுப் பை எடுக்க அவர் மனைவிதான் வருவார். "பேச மாட்டேங்கறார் டாக்டர்" என்பார். எனக்கு அந்த வீட்டுப் பக்கம் போகவே கால் கூசியது. ஒருவேளை ஒட்டின இடம் விட்டுப் போயிருந்தால்? பிறகு ஆயுளுக்கும் பைதான். அவருடைய கேள்வி அதேதான், என்னுடையதும் அதேதான்.

புரட்டாசியில் கீழிருந்து வெள்ளை மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தோம். மருந்து வெளியே கசிந்தால் படத்தில் தெரிந்துவிடும். ஈரம் சொட்டும் படத்தைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளைக் கோடு நேராக மேலே ஏறியது. ஒட்டின இடத்தில் என் கம்பித் தையல் குட்டி வளையமாகத் தெரிந்தது. சுற்றிலும் துளிக் கசிவு இல்லை! படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடினேன். சேலையெல்லாம் மருந்துத் தண்ணீர். நாற்பது வயதுப் பெண் டாக்டர் ஓடுகிறாளே என்று நோயாளிகள் எல்லாம் எழுந்து நின்றார்கள். யாருக்கோ ஆபத்து என்று நினைத்திருப்பார்கள். அவர் முன்னால் படத்தை நீட்டி, "பாருங்க சுவாமி, பாருங்க!" என்றேன். அவருக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது. என் முகத்தைத்தான் பார்த்தார். அந்த வாரமே துளையை மூடினேன்.

கார்த்திகைக் கூட்டத்தில் நடந்தது நடந்தபடி சொன்னேன், பிய்ந்த வடையையும் சேர்த்து. ஒருவர் விடாமல் கேள்வி கேட்டார்கள், காபி ஆறிப்போய் ஏடு கட்டியது. கடைசியில்தான் ஒரு விஷயம் வெளியே வந்தது: அந்த வருஷம் புதிதாக ஒன்றும் செய்யாதவர் புதூர்க்காரர் மட்டும்தான். எனக்கு விளக்குப் பிடித்ததில் தன் பங்கை மறந்துவிட்டார். "சட்டம் சட்டம்தான்" என்று அவரே எழுந்து போய் இரண்டு நாற்காலியைத் தூக்கினார். முதல் நாற்காலியை எனக்குத்தான் விரித்துப் போட்டார்.

மார்கழி பிறந்து சில நாட்கள் ஆகியிருக்கும். காலையில் கிளினிக் திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார். திருமண், ஈரத் துண்டு, உடம்பெல்லாம் விறகுப் புகை வாசனை. கையில் வாழை இலைப் பொட்டலம்.

"சூடு ஆறறதுக்குள்ள சாப்பிட்டுடுங்கோ. பெருமாள் அமுது செஞ்சது."

பிரித்தேன், வெண்பொங்கல். யார் தளிகை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் வலது முன்கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டுக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்குச் செக்கச் செவேலென்று கொப்புளம், அன்று காலை பட்டது.

"பாருங்கோ டாக்டர், அடுப்புல சுட்டுண்டேன்!" என்றார். அத்தனை பல்லும் தெரிந்தது. "ஆறு மாசமாச்சோன்னோ, கைக்கு அண்டாவோட விளிம்பு மறந்து போச்சு."

அவரை உட்கார வைத்து, களிம்பு எடுத்து, அந்தத் தீப்புண்ணுக்கு நானே கட்டுப் போட்டேன்.