ஒண்டிப் பாம்பு

அறுபதுகளின் கடைசியில் அக்கா கவரைப்பேட்டையில் குடியிருந்தாள். மாமாவுக்கு அரிசி மில்லில் வேலை. பல வருஷம் குழந்தையில்லை. நாகர் பிரதிஷ்டை செய்தார்கள். ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நிற்கும் இரண்டு பாம்புகள் செதுக்கிய கல்லை ஒரு மண்டலம் குளத்துத் தண்ணீரில் போட்டு வைத்து, பிறகு ஏரிக்கரை அரசமரத்தடியில் நட்டார்கள். மறு வருஷம் அக்கா உண்டானாள்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு டாக்டரம்மா கிளினிக் வைத்திருந்தார். பெயர்ப்பலகையில் ஒரு கோல், அதைச் சுற்றி இரண்டு பாம்புகள், மேலே சிறகுகள். அக்கா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போவாள். பலகையின் கீழ்ப்பக்கம் மஞ்சள் படிந்திருந்தது. மற்ற பெண்களும் அப்படித்தான் செய்தார்கள் போலிருக்கிறது.

எட்டாம் மாதம் கால் வீங்கியது. ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது, பட்டணத்தில் சேர்த்துவிடுங்கள் என்று டாக்டரம்மா கடிதம் கொடுத்தார். மாமாவும் நானும் அக்காவை ரயிலில் கூட்டிப்போனோம்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா நின்றுவிட்டாள். வளைவின் மேல் சுண்ணாம்பில் செய்த கோல். அதில் ஒரே ஒரு பாம்பு.

"இன்னாடா இது, ஒண்டியா கீது?"

"அதோட பொண்டாட்டி கோச்சிக்கினு ஆத்தா ஊட்டுக்குப் போயிருக்கும். நீ வா" என்றார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை. "ஜோடி இல்லாத எடத்துல புள்ள தங்காது. ஊட்டுக்குப் போலாம்."

நாங்கள் சொன்னது எதுவும் எடுபடவில்லை. அவள் அழுத அழுகையில் அழுத்தம் இன்னும் ஏறிவிடுமோ என்று மாமா பயந்தார். அடுத்த வண்டியில் திரும்பினோம்.

அந்த வாரமே ஜன்னி கண்டது. ஜோடிப் பாம்புப் பலகையைத் தாண்டித்தான் தூக்கிப்போனோம். டாக்டரம்மா அக்காவைக் காப்பாற்றினார். ஆண் குழந்தை. இறந்தே பிறந்தது.

எழுபதுகளில் நான் சென்னையில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர். மருத்துவ முகாம் செய்தி ஒன்றுக்குப் படம் போட, அச்சுக்கூடத்தில் ஒற்றைப் பாம்பு ஒன்று, இரட்டைப் பாம்பு ஒன்று என இரண்டு பட பிளாக்குகள் கிடந்தன. எது சரி என்று பார்க்க நூலகம் போனேன்.

ஒற்றைப் பாம்புதான் கிரேக்கர்களின் மருத்துவக் கடவுளுடையது. அவர் கோயிலில் நோயாளிகள் படுத்துறங்குவார்கள்; விஷமில்லாத பாம்புகள் அவர்களிடையே திரியும். சட்டை உரித்துப் புதிதாக வருவதால், பாம்பு அவர்களுக்குப் பிழைத்தெழுதலின் அடையாளம். சிறகு வைத்த இரட்டைப் பாம்புக் கோல் வேறொரு கடவுளுடையது. அவர் தூதர், வணிகர்களின் காவலர். செத்தவர்களை மறு உலகத்துக்குக் கூட்டிப்போவதும் அவர் வேலை. பின்னால் வந்தவர்கள் குழப்பிக்கொண்டதில் அது டாக்டர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

நான் அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. பொங்கலுக்குப் போனபோது அவளே கேட்டாள். பேப்பரில் இருக்கிறாயே, பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஏன் ஒரே பாம்பு என்று உனக்குத் தெரியுமா என்றாள். அது வைத்தியத்தின் சின்னம் என்றேன். இரட்டைப் பாம்பைப் பற்றி அவள் கேட்கவில்லை.

முறத்தில் இருந்த அரிசியைப் பரப்பிவிட்டாள்.

"எப்பவும் ஒண்டிதானா அது?"

"எப்பவும்."

"அன்னிக்கே யாருனா சொல்லியிருந்தா உள்ள போயிருப்பேன்டா" என்றாள். பிறகு கல் பொறுக்கத் தொடங்கினாள்.