ஈ என்றால் எந்த ஈ?

போன வாரம் மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டி எஸ்தர் அக்கா நடத்தும் இட்லிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே சாப்பிட வருபவர்கள் எல்லாரும் உப்பளத்து ஆட்கள்தான். அன்று உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரும் வந்தார். சாப்பிட அல்ல... சோதனைக்கு.

கடைக்குப் பின்னால் உப்புநீர் வாய்க்கால். அதன் விளிம்பில் கறுப்பாக ஒரு பட்டை. கிட்டே போனால் பட்டை எழுந்து பறக்கிறது, மறுபடி உட்காருகிறது. அத்தனையும் ஈ.

"இன்னாம்மா இது? கடைய மூடு."

"சார், இது உப்புத்தண்ணி ஈ சார். சோத்துப் பக்கமே வராது. இட்லித் தட்டப் பாருங்க, ஒண்ணாவது குந்தியிருக்குதா?"

அக்கா வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். கடை போனால் வீடும் போச்சு. செல்போனில் ஈயைப் படமெடுத்து, பூச்சியியல் பேராசிரியரான நண்பருக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

படத்தைப் பார்த்து அடுக்கினார்: வீட்டு ஈயில் பாதி அளவுதான். வீட்டு ஈயின் முதுகில் நான்கு கருங்கோடுகள் உண்டு, இதற்கு இல்லை. சாம்பல் கலந்த கறுப்பு உடம்பு, லேசான பச்சை மினுமினுப்பு. புடைத்த முகம், அகன்ற வாய். இறக்கை ஒரே ஜோடி. பின் இறக்கை இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலைபோல இரண்டு குமிழ்கள். இந்தக் குமிழ்கள் எல்லா ஈக்கும் உண்டு, அதனால் பூச்சிகளில் ஈ எல்லாம் ஒரே வரிசை. ஆனால் அந்த வரிசைக்குள் இதன் குடும்பம் எஃபிட்ரிடே, கரையோர ஈக்கள். வீட்டு ஈ வேறு குடும்பம். இது உப்புநீரில் புழுவாக வளரும், பாசியைத் தின்னும்.

"இனம் மட்டும் கேக்காதே. ஆண் ஈயைப் பிடிச்சு, வயித்து நுனிய மைக்ராஸ்கோப்புல பாக்கணும்" என்றார்.

அதிகாரி சிரித்துவிட்டார். "ஏன் சார், ஈயில கூட சாதி பாக்கணுமா? எனக்கு ஈ இருக்குதா, இல்லியா... அவ்ளோதான்."

'ஈ' என்று பெயர் வைத்து முடித்துவிட்டால் எவ்வளவு வசதி! அதன் பிறகு யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?

"ஈ போனதும் தொறந்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

"இதுங்க எப்ப சார் போகும்?" அக்கா போனைப் பார்த்துக் கேட்டார்.

"மழை வந்து தண்ணியில உப்பு கொறைஞ்சா போயிடும்மா" என்றார் நண்பர்.

அக்கா அடுப்பை அணைத்தார். மழை வந்தால் உப்பள வேலை நின்றுவிடும். ஆட்களும் ஊருக்குப் போய்விடுவார்கள்.

அன்றைக்கு அவர் கடையைத் தாராளமாகத் திறக்கலாம் — ஓர் ஈயும் இருக்காது, ஓர் ஆளும் இருக்காது.