சைகையில் எடுத்த ஸ்கேன்

மயிலாப்பூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஒருநாள் நெஞ்சு ஸ்கேனுக்கு வந்த தையல்கார அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று மெஷின் சொன்னது அவருக்கு எட்டவில்லை. முதல் படம் கலங்கிவிட்டது.

"இன்னா பண்றது? வேற நாள் வரச் சொல்லலாமா?" என்று கூட வேலை செய்பவர் கேட்டார்.

"வேணாம். நான் உள்ள நிக்கறேன், நீ பட்டன அமுக்கு" என்றேன்.

கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு அந்த அம்மாவின் கால்மாட்டில் நின்றேன். கையை உயர்த்தினால் மூச்சைப் பிடிக்க வேண்டும், இறக்கினால் விடலாம் என்று நடித்துக் காட்டினேன். என் உப்பிய கன்னத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். நாலு தடவை ஒத்திகை பார்த்தோம். அடுத்த படம் பளிச்சென்று வந்தது.

"யாருப்பா எடுத்தது?" என்று படத்தைப் பார்த்த டாக்டர் கேட்டார்.

"நான்தான் சார்" என்றபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.