காய்ச்சல் இல்லாத வீட்டில் ரொட்டி

குவைத்திலிருந்து நான் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது என் மகளுக்குப் பதினோரு வயது. வீட்டுக்காரர் மஞ்சள்காமாலையில் போய்ச்சேர்ந்த பிறகு, நடக்கவும் ஓடவும் பழகியிருந்த பிள்ளையைச் சிக்கல் கிராமத்தில் இருந்த அக்காவிடம் விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போனவள் நான். இடையில் லீவுக்கு வந்தபோதெல்லாம் அவள் அக்காவின் சேலைக்குப் பின்னால் நின்றுதான் என்னைப் பார்த்தாள்.

வந்ததும் ராமநாதபுரத்தில் வாடகைக்கு வீடு பிடித்து, அவளைக் கூட்டிவந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. என்னை ‘நீங்க’ என்றாள். அக்காவிடம் போனில் பேசும்போது மட்டும், “அம்மா, நீ சாப்ட்டியா?” என்பாள். நான் வைக்கிற மீன்குழம்பை வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். பாதியில் கை நின்றுவிடும். அக்கா கைக்குப் பழகின நாக்கு. அதனால்தான் அக்காவுக்குத் தெரியாத ஒன்றைச் செய்துகொடுக்க ஆசைப்பட்டேன்.

எனக்குத் தெரிந்தது ரொட்டி. நான் வேலை பார்த்த வீட்டில் ஈஸ்ட் போடாமல், புளித்த மாவை வைத்தே ரொட்டி சுடுவோம். பிசைவது, சுடுவது எல்லாம் ஒரே மிஷின். அவர்கள் புதிதாக வாங்கியதும் பழையதை எனக்குத் தந்தார்கள். புளித்த மாவைத் தட்டில் தடவிக் காயவைத்து, செதிலாக உதிர்த்து, துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தேன். இங்கே அதை ஊறவைத்து, பரோட்டாவுக்குப் போடுகிற மைதாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவர, சில நாளில் பாட்டிலில் நுரைத்துக்கொண்டு எழுந்தது. மிஷினின் பிளக் நம் ஊர் சாக்கெட்டில் நுழையவில்லை. எலெக்ட்ரீஷியன் அதை வெட்டிவிட்டு வேறு மாட்டித் தந்தார்.

முதல் தடவை ரொட்டி வேகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அந்த வருஷம் கரண்ட் இருந்த நேரமே குறைவு. திரும்பி வந்தபோது மிஷினுக்கு எதுவும் ஞாபகமில்லை, மறுபடி முதலிலிருந்து பிசையப் பார்த்தது. அடுத்த தடவை வெக்கையில் மாவு அளவுக்குமேல் புளித்து அமுங்கிப்போனது. அங்கே ஏசி போட்ட சமையலறையில் ராத்திரி முழுக்க வைத்தாலும் நிற்கிற மாவு, இங்கே மதியத்துக்குள் கள் வாடை அடித்தது. அன்றைக்கு என்னைப் பார்க்க வந்திருந்த அக்கா, மாவு கெட்டுப்போச்சு, தூரக் கொட்டு என்றாள். அவள் பொல்லாப்பாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

மாவுப் பாத்திரத்தை ஈரத்துணி சுற்றி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, கரண்ட் போகாத நேரம் பார்த்துச் சுட்டதில் ஒரு சனிக்கிழமை ரொட்டி சரியாக வந்தது. மேல்தோல் சிவந்து, கத்தி வைத்ததும் நொறுங்கியது. சூடாக ஒரு துண்டை வெண்ணெய் தடவி மகள் கையில் கொடுத்தேன்.

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். “எனக்குக் காய்ச்சல் இல்லையே?”

எங்கள் பக்கம் காய்ச்சல்காரர்களுக்குத்தான் ரொட்டி வாங்குவார்கள். நான் சிரித்துக்கொண்டே, அங்கே தினமும் சாப்பிடுவார்கள் என்றேன். அந்த வீட்டுக் குட்டிப் பெண்ணைப் பற்றி எதற்குச் சொன்னேனோ தெரியவில்லை. அவளைப் பிறந்ததிலிருந்து வளர்த்தது நான்தான், மடியில் வைத்து ஊட்டினால்தான் இந்த ரொட்டியைத் தின்பாள் என்று வாய் ஓயாமல் பேசினேன். பேசப் பேச எனக்கே அந்தக் குழந்தையின் தலைமுடி வாசம் வந்தது. மகள் மென்றுகொண்டே கேட்டாள்.

“அந்தப் பிள்ள உங்கள எப்படிக் கூப்பிடும்?”

பொய் சொல்லியிருக்கலாம். “யும்மான்னு கூப்பிடும்,” என்றேன். “அவங்க பாசையில அம்மான்னு அர்த்தம்.”

அவள் துண்டு முழுவதையும் தின்றாள். தண்ணீர் குடித்தாள். பிறகு, ஊருக்குப் போய்ட்டு வரட்டுமா என்று கேட்டாள். நானே பஸ் ஏற்றிவிட்டேன். திங்கட்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த நாள் அவளுடைய துணிமணி, புத்தகங்களை எடுக்க அக்கா மட்டும் வந்தாள். பிள்ளை சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறது, கொஞ்ச நாள் அங்கன இருக்கட்டும் என்றாள். என் முகத்தைப் பார்க்க முடியாமல் அவளும் அழுதாள். அவளிடம் கோபப்பட ஒன்றுமே இல்லை.

மாதக் கடைசியில் டி.சி. வாங்கப் போனேன். எங்கே போகிறாள் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். ஊருக்கு, அவ அம்மாகிட்ட என்றேன். அப்போ நீங்க யாரு என்று கேட்டார். உறவு என்றேன்.

மறுபடி குவைத் போகலாமென்று ஏஜெண்டைப் பார்த்தேன். வயசு கூடிப்போச்சு, இனி எடுக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பாட்டிலில் இருந்த மாவு மேலே கறுப்பாகத் தண்ணீர் கட்டி நின்றது. இரண்டு ஸ்பூன் மைதா போட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று தெரியும். யாருக்கு என்று தெரியாததால் போடவில்லை.