கண் தைக்காத கிளி

மகளின் பூத்தையலுக்கென்று நானே வாங்கித் தந்த லென்ஸ் விளக்கு அது. துணிமேல் வட்டமாக வெளிச்சம் விழுந்திருந்தது. மகனின் படிப்பு விளக்குக்கு இடமில்லை; அறையில் ஒரே பிளக்.

"தம்பி படிக்கட்டும்மா, உன்னுது விளையாட்டுதானே" என்று அவள் விளக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கிய பிறகுதான் உறைத்தது. பேசியது என் அப்பாவின் குரல்.

நான் பள்ளியில் படித்த யுத்த காலம். பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு. எரிவது ஒரே சிம்னி விளக்கு. ஒருபுறம் நான் புத்தகத்தோடு, எதிரே அக்கா. குண்டு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி விளக்கருகே வைப்பாள். வெளிச்சம் அதற்குள் புகுந்து, துணியில் காசளவு வட்டமாகக் குவியும். அந்த வட்டத்தில் ஒரு பச்சைக்கிளி தைத்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டில் நெழலு பையன் பொஸ்தகத்துல உழுவுது பாரு. எடு அதை."

"கண்ணு மட்டுந்தானுங்கப்பா பாக்கி."

"கிளிக்குக் கண்ணு இல்லீன்னா பறக்காதாக்கும்!"

அக்கா சிரித்தபடியே பாட்டிலை எடுத்துவிடுவாள். நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. கண் வைக்காத கிளியோடுதான் அந்தத் துணி அவள் புகுந்த வீட்டுக்குப் போனது.

மகளின் விளக்குப் பிளக்கை மறுபடி செருகினேன். அவள் அதற்குள் துணியை மடித்து வைத்திருந்தாள்.

"பரவால்லைங்கப்பா, தம்பியே படிக்கட்டும்" என்றாள், சிரித்தபடி.