அம்மாவின் பேச்சுக்கு ‘கே’

எண்பதுகளின் நடுவில் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் எனக்கு வேலை கிடைத்தது. மொழி ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் ஒருவர் அங்கே ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்திருந்தார். தடித்த தமிழ் அகராதி ஒன்றை அதற்குள் ஏற்ற வேண்டும். அந்த மெஷினுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் சொல்லையும் பொருளையும் இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, என்ன வகைச் சொல் என்பதற்கு ஓர் எழுத்தையும் பக்கத்தில் போடுவோம். கொச்சைச் சொல்லுக்கு ‘கே’. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் என்ற திமிர் எனக்கு முன்பே உண்டு. கம்ப்யூட்டரைத் தொட்ட பிறகு கேட்கவே வேண்டாம்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, “கெயங்கு வேவ வெச்சிருக்கேன், துன்னு” என்றாள்.

“கெயங்குக்கு ஒரு கே, துன்னுக்கு ஒரு கே” என்று சிரித்தேன்.

“இன்னாடி அது கே?”

“தப்பான பேச்சுக்கெல்லாம் பக்கத்துல அதத்தாம்மா போடுவோம்.”

அவளும் சிரித்தாள். அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே! ‘இஸ்துகினு’ என்றால் கே, ‘வந்துகினு’ என்றால் கே. தம்பியும் தங்கையும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா வாயைத் திறந்தாலே வீட்டில் ஒரு ‘கே’ விழும்.

அந்த அகராதி எந்தச் சொல்லையும் தப்பு என்று சொல்லவில்லை. கொச்சை என்றால் ஜனங்கள் பேசுவது, அவ்வளவுதான் என்று பேராசிரியர் முதல் நாளே விளக்கியிருந்தார். ‘தப்பு’ நானாகச் சேர்த்த சரக்கு.

கார்த்திகை தீபத்துக்கு வந்திருந்த சித்தி, “இன்னா, அக்கா பேசவே மாட்டேன்றா?” என்று என்னிடம் கேட்டாள். உடம்பு சரியில்லை என்று மழுப்பினேன். வெளி ஆட்கள் இருந்தால் அம்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவதை நானும் கவனித்துத்தான் இருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை.

அகராதியில் விட்டுப்போன எங்கள் பக்கத்துச் சொற்களையும் ஏற்ற வேண்டும் என்று பேராசிரியர் டேப் ரெக்கார்டரோடு கிளம்பினார். முதல் வீடு எங்கள் வீடு. அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, தட்டு நிறைய வேகவைத்த வேர்க்கடலையைக் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் ஊரில் அதற்கு மல்லாட்டை என்றுதான் பெயர். பேச ஆரம்பிக்கும் குழந்தைகூட மல்லாட்டை என்றுதான் கேட்கும்.

அவர் டேப்பை ஓடவிட்டார். “இதை நீங்க என்னன்னு சொல்வீங்கம்மா?”

அம்மா என்னைப் பார்த்தாள்.

“நிலக்கடலைங்க” என்றாள்.

“வேற பேரு ஏதாவது?”

“இல்லீங்க. நாங்களும் அப்டித்தாங்க சொல்வோம்.”

மல்லாட்டை என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் முன்னால் அவளைப் பொய்க்காரி ஆக்கியதாகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். மூட வேண்டிய நாளெல்லாம் மூடாத வாய். அவர் கேட்டதற்கெல்லாம் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் ஒவ்வொரு வார்த்தையாக யோசித்துச் சொன்னாள். அவர் ஏமாற்றத்தோடு டேப்பை நிறுத்தினார்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“கரீட்டா சொன்னேனாடி? ஒண்ணுகூட கே உழலியே?”