வளைவில் வந்த பாலிசி

இதய வால்வு மாற்றிய எனக்கு மூன்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. நாலாவது கம்பெனியிலிருந்து இன்று காலை போன், போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு ஜீப்பில் ஏறிக்கொண்டிருக்கும்போது!

அடுத்த வளைவில் சிக்னல் போய்விடும்.

"அண்ணே, நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். டிரைவர் நிறுத்திவிட்டார்.

"மேடு ஏறினா மூச்சு வாங்குமா மேடம்?" என்று கேட்டாள் போனில் பேசிய பெண்.

என்னோடு காய் எடுக்கும் செல்வியக்கா முந்திக்கொண்டு, "இந்த ஏத்தத்துல ஜீப்புக்கே வாங்குது தாயி!" என்றார்.

நான் உள்ளதைச் சொன்னேன். பாலிசி கிடைத்துவிட்டது! பிரீமியத்தைக் கூலியில் மிச்சம் பிடித்தே கட்டிவிடலாம். ஆனால் இதயச் சிகிச்சைக்கு மட்டும் இரண்டு வருஷம் கழித்துத்தான் பணம் தருவார்களாம்.

"அதுவரைக்கும் வளைவுல மெதுவாத்தான் ஓட்டுவேன் ஆத்தா," என்றார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த டிரைவர்.

அவர் ஒத்துக்கொண்டார். இரண்டு வருஷம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி என் இதயத்திடம் யார் பேசுவது?